ராசிபுரம் நெய்: பாதியை மூக்கு சொல்லும், மீதியை யார் சொல்வது?

ராசிபுரம்:

"மூணு கிண்ணம் வச்சிருக்கேன் தம்பி. ஒண்ணு அசல். ஒண்ணு பழசு. ஒண்ணு கலப்படம். எது எதுன்னு சொல்லிடுங்க பார்ப்போம்!"

நெய் வியாபாரத்திலேயே தலை நரைத்துப்போன ஒரு பெரியவர் இப்படிச் சவால் விட்டார்.

"இதென்ன பிரமாதம்?" என்று உட்கார்ந்தேன். திருட்டுக் கேஸ், வெட்டுக் குத்து கேஸ் எல்லாம் பார்த்தவனுக்கு மூன்று கிண்ணம் நெய் எம்மாத்திரம்?

ஐந்தே நிமிடம். படுதோல்வி!

முதல் கிண்ணத்தில் இருந்தது வெளிறிய நெய். மணல் மணலாக உறைந்திருந்தது. வாசனை அடக்கம். "இதுதான் பழசு" என்றேன்.

இரண்டாவதில் லேசான காறல் வாடை. "இது கலப்படம்" என்றேன்.

மூன்றாவது பார்க்கவே தங்கம் போல் மஞ்சள். கிண்ணத்தைத் தொடும் முன்பே வாசனை கும்மென்று வந்தது. "இதுதான் அசல் ராசிபுரம் நெய்!" என்று அடித்துச் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார்.

"மூணுமே தப்பு கண்ணு. முதல்ல இருந்துச்சே, அதுதான் அசல். எருமை நெய். அது வெளுப்பாத்தான் இருக்கும். ரெண்டாவது சுத்தமான நெய்தான், ஆனா வருசக்கணக்குல கிடந்து கெட்டுப் போச்சு. நீங்க அசல்னீங்களே, அது உங்களுக்குக் காட்டத்தான் நானே கலந்தது. பாதி நெய், பாதி பாமாயில். கடையில கிடைக்கிற எசன்சுல ரெண்டு சொட்டு, கொஞ்சம் கலர். அவ்வளவுதான்."

எனக்கு வேர்த்துவிட்டது. வாசகர்களே, உங்கள் வீட்டு நெய் டப்பாவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்!

ஊர் பெயரே முத்திரை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது ராசிபுரம். பழைய சேலம் ஜில்லா ஊர். 1997 ஜனவரி 1-ல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது.

எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், அவர் தம்பி கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லட்சுமணன், இரண்டு பேர் பெயரிலும் முன்னால் நிற்கும் 'ஆர்' இந்த ராசிபுரம்தான்.

படிப்பாளிகளுக்கு அந்த 'ஆர்' என்றால், பந்திக்கு ராசிபுரம் நெய். சாம்பார் சாதத்தில் ஒரு கரண்டி விட்டால் அடுத்த இலைக்காரர் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் இந்த ஊர் நெய்க்கு ஜனங்கள் கொடுத்த சர்டிபிகேட்.

ஆனால் பெயர் பெரிதாக ஆக, போலியும் கூடவே வளரும். தங்கத்துக்கு வந்த கதி நெய்க்கும் வராதா?

சரி, நெய்யை எப்படி எடை போடுவது? வாங்குகிறவன் எதைப் பார்க்க வேண்டும்? எதை நம்பக் கூடாது? பெரியவர் பாடம் நடத்தினார். நான் மாணவன்.

கண் சொல்வதை நம்பாதே!

முதல் பாடமே அதிர்ச்சி. நிறத்தைப் பார்த்து நெய் வாங்காதே என்றார்.

பசு நெய் மஞ்சள். எருமை நெய் வெள்ளை. ஏன்? பச்சைப் புல்லில் உள்ள மஞ்சள் சத்து பசுவின் பாலில் அப்படியே இறங்குகிறது. எருமையோ அதை வைட்டமின் 'ஏ'யாக மாற்றிவிடுகிறது. அதனால் நிறம் வருவதில்லை. சத்தில் குறைவு என்று அர்த்தம் இல்லை.

ஆக, மஞ்சளாக இருந்தால் ஒசத்தி, வெளுத்திருந்தால் மட்டம் என்பது வெறும் பேச்சு. மஞ்சள் நிறத்தைக் கலரிலும் கொண்டு வரலாம். நான் ஏமாந்தது அங்கேதான்.

வெளிநாட்டுக்காரன் இதில் உஷார். ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெய் ருசி பார்ப்பவர்களுக்கு நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் எண்ணெய் கொடுக்கிறார்கள். நிறம் கண்ணில் படவே கூடாதாம்! 28 டிகிரி சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து முகர்கிறார்கள். அப்புறம்தான் நாக்கு.

மணல் மணலாக...

அடுத்தது நெய்யின் உடல்வாகு.

காய்ச்சிய நெய்யை அவசரப்படாமல் மெல்ல ஆறவிட்டால் பெரிய பெரிய மணலாக உறையும். எருமை நெய்யில் மணல் இன்னும் பெரிது. சட்டென்று குளிரவைத்தால் வழவழவென்று களிம்பு மாதிரி ஆகிவிடும்.

"மணல் இருந்தா நல்ல நெய்யாங்கய்யா?" என்று கேட்டேன்.

"பொறுமையா ஆறவிட்ட நெய்யின்னு அர்த்தம். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன் என்கிறார் மனுசன்!

மூக்குக்குத்தான் முதல் மரியாதை

இனிதான் முக்கியமான கட்டம். ஒரு சொட்டு நெய்யைப் புறங்கையில் விட்டார். விரலால் பரபரவென்று தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"கண்ணை மூடுங்க தம்பி. கண் தொறந்திருந்தா மூக்கு சோம்பேறி ஆயிடும்."

நானும் மூடினேன். முதலில் வருவது சூட்டு வாசனை. அடுப்பில் பதமாக வறுபட்ட மணம். அதற்குப் பின்னால் மெல்லிய புளிப்பு, தயிர்ப்பானையைத் திறந்த மாதிரி. கடைசியில் பால் இனிப்பு.

இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன?

தயிர் வாசனை உறையிலிருந்து. பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்துக் காய்ச்சுவது நம் நாட்டு முறை. அந்தப் புளிப்பில் நுண்ணுயிர்கள் வேலை செய்து மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பாலிலிருந்து நேராக எந்திரத்தில் க்ரீம் எடுத்துக் காய்ச்சிய நெய்யில் இந்த மணம் மட்டாகத்தான் இருக்கும்.

வறுத்த மணம் அடிக்கசடிலிருந்து. வெண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வரும் பால் சத்தும் சர்க்கரையும் சூட்டில் சிவக்கும்போது அந்த மணம் பிறக்கிறது. தோசை முறுகலாவதும், காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே ரசாயனம்தான். 1912-ல் மெய்யார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதி வைத்தார். நம் பாட்டிகளுக்கு அதற்கு முன்பே தெரியும்!

பதம் தெரியும் காது

நெய் காய்ச்சுவதில் காதுக்கும் வேலை உண்டு.

வெண்ணெய் உருகும்போது சடசடவென்று சத்தம் வரும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கினால் தண்ணீர் போய்விட்டது. நுரை மறுபடி எழும். அடியில் கசடு பொன் நிறமாகும். அந்த நேரத்தில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போடுவார்கள். இலை மொறுமொறுவென்றால் இறக்கிவிட வேண்டும்.

ஒரு நிமிடம் தாமதித்தால் காந்தல்! ஒரு நிமிடம் முந்தினால் தண்ணீர் தங்கிக் கெட்டுப்போகும்.

வடக்கே சுமார் 110 டிகிரி சூட்டில் இறக்கிவிடுகிறார்கள். நமக்கோ இன்னும் கொஞ்சம் சிவக்க வேண்டும். 120 டிகிரி வரை போவோம். அதனால்தான் வடக்கத்தி நெய்யை முகர்ந்துவிட்டு "வாசனையே இல்லையே" என்கிறோம். அவர்களோ நம் நெய்யை முகர்ந்து "தீய்ந்துவிட்டதே" என்கிறார்கள். குற்றம் நெய்யில் இல்லை, பழக்கத்தில்!

பீருக்கும் இதே பரிட்சை

ருசி பார்ப்பதை ஒரு தொழிலாகவே வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். இங்கிலாந்தில் 'பிரவுன் ஏல்' என்று ஒரு பழுப்பு நிற பீர். முளைகட்டிய பார்லியைச் சிவக்க வறுத்துக் காய்ச்சுவார்கள். நல்ல சரக்கில் வறுத்த கொட்டை வாசனை, காய்ச்சிய சர்க்கரை வாசனை வர வேண்டுமாம். வறுபட்ட மணம் பிறக்கிற விதம் நெய்யிலும் பீரிலும் ஒன்றே.

அமெரிக்காவில் பீர் போட்டிகளுக்கு ஒரு மார்க் ஷீட்டே இருக்கிறது. மொத்தம் 50 மார்க். ருசிக்கு 20. வாசனைக்கு 12. வாயில் நிற்கும் கனத்துக்கு 5. மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பார்வைக்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 3!

இதில் ஒரு வேடிக்கை. பீரில் வெண்ணெய் வாசனை தூக்கலாக வந்தால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். 'டையசெட்டில்' என்ற பொருள்தான் காரணம். அதே பொருள்தான் நம் வெண்ணெய்க்கு மணம் கொடுக்கிறது. அங்கே குற்றவாளி, இங்கே கதாநாயகன்!

நம் பழைய சேலம் ஜில்லாவில் பீர் பரிட்சைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயம்தான். 1937 அக்டோபர் 1-ல், ராஜாஜி ஆட்சியில், சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்த ஜில்லா இதுதான். ஆனால் முறை நல்ல முறை. பீருக்கு இருக்கும் மார்க் ஷீட் நம் நெய்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டாமா?

1937: மூன்று சம்பவங்கள்

அதே 1937-ல் இன்னும் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, 'டால்டா' வந்தது. நெய் மாதிரியே உறையும், மணல் மாதிரியே இருக்கும் வனஸ்பதி. நெய்யில் கலக்க இதைவிட வசதி வேறு ஏது?

இன்னொன்று, விளைபொருள் தரம் பிரிப்புச் சட்டம் வந்தது. 'அக்மார்க்' முத்திரை பிறந்தது அதில்தான். 1938-லேயே நெய்க்கு அக்மார்க் விதிகள் வந்துவிட்டன.

திருடன் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். இரண்டும் ஒரே வருஷம்!

வனஸ்பதியைப் பிடிக்க சர்க்கார் ஒரு பலே வித்தை செய்தது. வனஸ்பதி தயாரிப்பவர் அதில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டது. நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், அமிலம் விட்டு ஆய்வுக்கூடத்தில் குலுக்கினால், நல்லெண்ணெய் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். திருடன் சட்டையில் மை தடவி அனுப்பிய கதை!

ஆனால் இன்றைய திருடன் அந்தச் சட்டையையே போடுவதில்லை. நல்லெண்ணெய் சேராத பாமாயிலைக் கலந்தால் அந்தச் சோதனையில் நெய் சிவக்காது. பழைய பொறியில் புது எலி சிக்கவில்லை.

வீட்டு வைத்தியம் பலிக்குமா?

உள்ளங்கையில் வைத்தால் உருகும், அதனால் அசல் என்கிறார்கள். சரியல்ல. உடம்புச் சூடு 37 டிகிரி. தேங்காய் எண்ணெயும்தான் அதில் உருகும்!

அயோடின் விட்டால் நீலமாகும் என்கிறார்கள். ஆகும், கிழங்கு மாவு கலந்திருந்தால் மட்டும். பாமாயில் கலந்தால் ஆகாது.

பிரிட்ஜில் வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரியும் என்கிறார்கள். சுத்த நெய்யே பாதி உறைந்து பாதி எண்ணெயாக நிற்பதுண்டு. அதை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

அமிலம் வாங்கி வந்து வீட்டிலேயே சோதிக்கும் விஷப்பரிட்சை மட்டும் வேண்டவே வேண்டாம். கண் போய்விடும்!

பெரியவரும் தோற்கும் இடம்

"உங்க மூக்கு ஏமாறாதுங்களாய்யா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பாதிக்குப் பாதி கலந்தா கண்டுபிடிப்பேன். தொண்டையில இறங்கினதும் எண்ணெய்ப் பிசுக்கு நிக்கும். ஆனா பத்துல ஒரு பங்கு கலந்தா எனக்கே தெரியாது தம்பி. பொய் சொல்லக் கூடாது."

இந்த ஒரு பதிலுக்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

பழசு, காந்தல், புளிப்பு, காறல் எல்லாவற்றையும் மூக்கு பிடித்துவிடும். அதில் எந்த மெஷினும் மூக்குக்கு ஈடில்லை. ஆனால் கைதேர்ந்த கலப்படம் மூக்குக்கு எட்டாது. அங்கே ஆய்வுக்கூடம் வர வேண்டும்.

ஆய்வுக்கூடமும் தடுமாறும்

நெய்க்குப் பல வருஷமாக ஒரு கணக்கு உண்டு. ரைச்சர்ட் மெய்சல் எண் என்று பெயர். பால் கொழுப்பில் மட்டும் அதிகமாக இருக்கும் ஆவியாகும் அமிலங்களை அளக்கும் எண் அது. பொதுவாக 28-க்குக் குறையக் கூடாது. தேங்காய் எண்ணெயில் இது சுமார் 7. பாமாயிலில் கிட்டத்தட்ட பூஜ்யம்.

பிடித்துவிடலாமே என்று தோன்றும். பொறுங்கள்.

ஒரு நெய்க்கு எண் 34 என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பாமாயிலைக் கலந்தால் எண் சுமார் 31. பாஸ்! கில்லாடி தப்பிவிட்டான்.

மறுபக்கம், பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் நெய்யில் இந்த எண் இயற்கையாகவே குறையும். அதனால் பருத்தி விளையும் வட்டாரங்களுக்கு 21 போதும் என்று தனி விதியே இருந்தது. யோக்கியன் மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா?

இப்போது நுட்பமான சோதனைகள் வந்துவிட்டன. செடி கொடி எண்ணெய்களில் 'பீட்டா சைட்டோஸ்டெரால்' என்று ஒரு பொருள் உண்டு. பால் கொழுப்பில் அதற்கு இடமில்லை. அது தெரிந்தால் தாவர எண்ணெய் கலந்ததற்குச் சாட்சி.

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரம் நாட்டையே உலுக்கியது நினைவிருக்கும். குஜராத் மாநிலம் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரிய ஆய்வுக்கூடத்தின் அறிக்கைதான் அதற்கு மையம். அந்த அறிக்கையிலேயே, மாட்டுத் தீவனம் போன்ற சில காரணங்களால் முடிவு தவறாகவும் வரலாம் என்ற குறிப்பும் இருந்தது. 2024 அக்டோபர் 4-ல் சுப்ரீம் கோர்ட் தனி விசாரணைக் குழு அமைக்க உத்தரவிட்டது.

பாடம் என்ன? ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. மூக்கும் வேண்டும், ஆய்வுக்கூடமும் வேண்டும். ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெய்க்கு அப்படித்தான். ரசாயனத்தில் பாஸ் ஆனாலும் போதாது. 8 முதல் 12 பேர் கொண்ட குழு முகர்ந்து ருசித்து 'சரி' என்றால்தான் முதல் தரம். 1991 முதல் அது சட்டம்.

உங்கள் கையில் ஒரு சட்டம்

சோதனை எல்லாம் ஆபீசர்கள் வேலை, நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று.

2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, பொருள் வாங்கும் யாரும் கட்டணம் கட்டி அதைச் சோதிக்கச் சொல்லலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் "சோதனைக்கு வாங்குகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். நெய் தரம் கெட்டது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு.

இதற்குச் சென்னைக்கு ஓட வேண்டாம். சேலத்திலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் போதும்.

கடைக்காரர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பங்காக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பங்கை அனுப்பச் சொல்லி கடைக்காரர் கேட்கலாம்.

தரம் குறைந்த பொருள் விற்றால் 5 லட்ச ரூபாய் வரை அபராதம். உயிருக்கு ஆபத்தான பொருள் என்றால் ஜெயில்.

ஒரு சின்னக் கணக்கு

கடைசியாகப் பெரியவர் ஒரு கணக்குப் போட்டார். குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் கவனிக்க!

ஒரு கிலோ நெய்க்கு எருமைப் பால் சுமார் 15 லிட்டர் வேண்டும். பசும்பால் என்றால் 25 லிட்டருக்கு மேல். லிட்டர் 40 ரூபாய் என்று வைத்தாலும் பசும்பாலுக்கே 1,000 ரூபாய் ஆச்சு. மிச்சமாகும் மோரும் ஆடை நீக்கிய பாலும் காசுதான், கழித்துக்கொள்ளுங்கள். விறகு, கூலி, டப்பா, லாபம் கூட்டிக்கொள்ளுங்கள்.

"இப்போ சொல்லுங்க. கிலோ 300 ரூபாய்க்கு ஒருத்தன் நெய் தர்றான்னா, அவன் மாடு எதைக் கறக்குது?"

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எனவே வாசகர்களே, விலையைப் பாருங்கள். டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா பாருங்கள். காய்ச்சிய தேதியைப் பாருங்கள். அக்மார்க் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்துக் கண்ணை மூடி முகருங்கள். வாரம் ஒருமுறை முகர்ந்தாலே மூக்கு பழகிவிடும்.

சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சோதனைக்கு அனுப்புங்கள்.

கிளம்பும்போது அந்த வெளுத்த எருமை நெய்யில் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். பெரியவர் மூடியை இறுக்கிக் கொடுத்தார்.

"டப்பாவில ராசிபுரம்னு போட்டிருந்தா மட்டும் நெய் நல்லதாயிடாது தம்பி. நெய் நல்லதா இருக்கிற வரைக்கும்தான் ராசிபுரத்துக்குப் பேரு. அதையும் எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.